மிங் கல்லறைகளில் பெயர் தேட வேண்டிய இடம்

பெய்ஜிங்குக்கு அருகே உள்ள மிங் பேரரசர்களின் கல்லறைகளுக்குப் போனால், முன்பக்கம் ஆமை முதுகில் நிற்கும் பெரிய கல்லுக்கு எதிரே போனை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நேரே பின்கோடிக்குப் போங்கள். சதுர மதில்மேல் இருக்கும் மண்டபத்துக் கல்லில்தான் அங்கே அடக்கமான பேரரசரின் பெயர் இருக்கிறது.

மொத்தம் 13 கல்லறைகள். பெரும்பாலானவற்றின் முன்கல்லில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. மண்டபக் கல்லில் உச்சியில் ‘மாபெரும் மிங்’, கீழே ‘இன்ன பேரரசரின் கல்லறை’ என்று செதுக்கியிருப்பார்கள். ஆனால் அது இறந்தபின் வைத்த பெயர். டிங்லிங் என்ற கல்லறையில் வான்லி பேரரசரை அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது, ஷென்சோங் என்றுதான் இருக்கும். இரண்டு பெயரையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு போவது நல்லது.

கல்லறைகளுக்குப் போகும் புனிதப் பாதையின் தொடக்கத்தில் உள்ள கல் மட்டும் எழுத்தில்லாத முன்கற்களைப் போன்றதல்ல. அதில் யொங்லெ பேரரசரைப் புகழ்ந்து அவர் மகன் எழுதிய நீண்ட வாசகம் இருக்கிறது.

ஷியான் பக்கம் உள்ள தாங் அரச மரபுக் காலத்துச் சியான்லிங் கல்லறையிலோ கதையே தலைகீழ். பேரரசி வூ செதியனின் ‘எழுத்தில்லாக் கல்’லில் இன்று எழுத்துகள் உண்டு; எல்லாம் பிற்காலத்தில் வந்தவர்கள் வெட்டியவை. 1134-இல் கித்தான் என்ற இனத்தாரின் எழுத்தில் செதுக்கியதும் அதில் ஒன்று. அதைப் பேரரசியின் வாசகம் என்று நினைத்துப் படமெடுத்துப் போட்டுவிடாதீர்கள்!