யாழ்ப்பாணத்திலிருந்து ஆபிரிக்க சஃபாரி: எங்கே, எப்போது?

ஆபிரிக்க சஃபாரிக்குத் திட்டமிடுவோர் நாட்டைத் தெரிவுசெய்யும் முன்னர், எதைக் காண விரும்புகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வில்டபீஸ்ட் (மாட்டைப் போன்ற பெரிய மான் வகை) கூட்டங்கள் முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றில் முண்டியடித்துப் பாய்வதைக் காண, ஜூலை முதல் ஒக்டோபர் வரை கென்யாவின் மசாய் மாராவுக்கோ தன்சானியாவின் வடக்குச் செரெங்கெட்டிக்கோ செல்லலாம். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை இதற்கு வாய்ப்பானதே எனினும், நல்லூர்த் திருவிழாவை விட்டுப் புறப்பட மனம் வராதவர்கள் (நம்மில் பலர் அப்படித்தான்), வில்டபீஸ்ட் கன்றுகள் ஈனப்படும் பெப்ரவரியில் தெற்குச் செரெங்கெட்டிக்குச் செல்வது நல்லது. செலவைக் குறைக்க விரும்புவோருக்கு, சொந்தமாக வாகனம் ஓட்டிச் செல்லக்கூடிய தென்னாபிரிக்காவின் குரூகர் பூங்கா ஏற்றது.

முற்பணம் செலுத்தும் முன்னர், சஃபாரி வாகனத்தில் ஒவ்வொருவருக்கும் ஜன்னலோர இருக்கை உண்டா, பூங்காக் கட்டணம் அடங்குமா என முகவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறவும். கென்யா செல்வோர் மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னரே ஏற்றிக்கொள்ள வேண்டும்; அச்சான்றிதழ் இல்லாவிடின், திரும்பும்போது கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே சிக்கல் எழலாம்.