வேலூரில் இருந்து ஹாலோவீனுக்கு ரோலர் கோஸ்டர் ஏறப் போகிறீர்களா?

பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் அக்டோபர் 31, நமக்கு அது வடகிழக்குப் பருவமழை நேரம், அதனால் முதலில் வானிலையைப் பாருங்கள். இடி மின்னல் என்றால் ரைடை நிறுத்திவிடுவார்கள். சென்னைப் பக்கமும் பார்க் உண்டு, என் ஓட்டு பெங்களூரு பக்கம் பிடதியில் இருக்கும் வொண்டர்லா பார்க்குக்கு. அங்கே ரீகாயில் என்ற கோஸ்டர் முன்னால் போன பாதையிலேயே பின்னாலும் திரும்பி வரும், இரண்டு தடவையும் தலைகீழ்! காட்பாடியில் ரயில் ஏறி முந்தின நாளே பெங்களூரு போய்த் தங்கிவிடுங்கள்.

கேட் திறந்ததும் நேராகக் கோஸ்டருக்கு, தண்ணீர் விளையாட்டெல்லாம் அப்புறம். தீபாவளி லீவில் மட்டும் போகாதீர்கள், வரிசையிலேயே பொழுது போய்விடும்.

எங்கே உட்காருவது? வேடிக்கை பார்க்க முன் சீட். சாதாரண கோஸ்டரில் உச்சியில் இருந்து இறங்கும்போது வயிற்றைக் கலக்க வேண்டும் என்றால் கடைசி சீட், ஏனென்றால் முன்பெட்டிகள் ஏற்கெனவே பள்ளத்தில் பாய்ந்து பின்பெட்டியை வேகமாக இழுத்துவிடும். தலையைச் சீட்டோடு ஒட்டி வையுங்கள், குனிந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

பேய் வேஷம் போடுகிறவர்கள் முகமூடி, நீள அங்கி, துப்பட்டா எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கர்ப்பிணிகள், இதய நோய், கழுத்து வலி உள்ளவர்கள் ஏறவே வேண்டாம். ஆம்பூர் பிரியாணியா? இறங்கின பிறகு.