வானில் கண்ட மர்ம ஒளியை ஆராய்வது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் காவல் புரிந்த இந்திய வீரர்கள், அங்குள்ள ஓர் ஏரியின் மேலே அடையாளம் தெரியாத ஒளிப்பொருள்களை 329 முறை கண்டதாகக் குறித்து வைத்தார்கள். அவற்றுள் 155 முறை அவை எல்லைக் கோட்டைத் தாண்டியதாகவும் பதிவாகியிருந்தது. சீனாவின் ஆளில்லா உளவு விமானங்களோ என்ற ஐயம் எழுந்ததால், ராணுவம் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் உதவியை நாடியது. நம் காவலூரில் வானாய்வகம் நடத்தும் இந்நிறுவனத்துக்கு லடாக்கின் ஹான்லேயிலும் ஒரு வானாய்வகம் உண்டு. வானியலாளர்கள் ஆராய்ந்து சொன்ன விடை: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி.

இச்செய்தி வெளிவந்தபோது பலர் வீரர்களை எள்ளி நகையாடினார்கள். அது நியாயமன்று என்பது என் உறுதியான கருத்து. ஒளி தோன்றிய நேரத்தையும், சுற்றியுள்ள விண்மீன்களுக்கு நடுவே அது நின்ற இடத்தையும் அவர்கள் குறித்துக் கொடுத்ததால்தான் புதிர் அவிழ்ந்தது. நீங்கள் ஆராயப்போகும் எந்த நிகழ்விலும் முதல் தேவை அத்தகைய பதிவுதான்.

படி 1: கண்டதையும் கருதியதையும் பிரித்தெழுதுங்கள்

ஒளியைப் பார்த்தவரை இடைமறிக்காமல் முழுவதும் பேசவிட்டு, அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். “தட்டு வடிவில் இருந்ததா?” என்பது போல விடையை ஊட்டும் கேள்விகளைக் கேட்க வேண்டாம். “மாமரத்துக்கு மேலே வெண்ணிற ஒளி நின்றது” என்பது கண்டது. “200 மீட்டர் உயரத்தில் பறந்தது” என்பது கருதியது. இன்னதென்று தெரியாத ஒரு புள்ளி ஒளியின் தொலைவையும் பருமனையும் இருளில் எந்தக் கண்ணாலும் அளக்க இயலாது. ஆகவே மீட்டர் கணக்குகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: நேரம், திசை, உயரம்

இம்மூன்றும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நினைவிலுள்ள நேரத்தை நம்பாமல், அப்போது எடுத்த படத்திலோ, யாரையாவது அழைத்திருந்தால் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலிலோ பதிவான நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்டவரோடு அதே இடத்துக்குச் சென்று, ஒளி இருந்த பக்கம் கைநீட்டச் சொல்லுங்கள். திசைகாட்டியை வண்டிக்கோ இரும்புக் கதவுக்கோ அருகில் வைத்துப் பார்த்தால் முள் பிறழும். அடிவானத்திலிருந்து ஒளியின் உயரத்தைப் பாகையில் (டிகிரி) அளக்கக் கையே போதும்: முழுதாக நீட்டிய கையின் மூடிய முஷ்டி ஏறத்தாழ 10 பாகை, விரித்த சாண் ஏறத்தாழ 20 பாகை, சுண்டுவிரலின் அகலம் 1 பாகை.

படி 3: அன்றைய வானத்தை மீண்டும் விரியுங்கள்

ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் இடத்தையும் நாளையும் நேரத்தையும் கொடுத்தால், அன்றிருந்த வானம் திரையில் விரியும். பழகிக்கொள்ள லடாக் நிகழ்வையே எடுத்துக்கொள்ளுங்கள். இடம் லடாக்கின் லே நகரம், நாள் 2012 டிசம்பர் 3, நேரம் மாலை 6 மணி என்று கொடுங்கள். கிழக்குக்குச் சற்று வடக்கே, அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில் வியாழன் நிற்கும். அன்று அது சூரியனுக்கு நேர் எதிரே இருந்ததால், மாலையில் எழுந்து இரவு முழுவதும் வானைக் கடந்து விடியலில் மறைந்தது. நேரத்தை அதிகாலைக்கு நகர்த்தினால், நாம் விடிவெள்ளி என்றழைக்கும் வெள்ளி கிழக்கே எழுவதைக் காணலாம்.

படி 4: நான்கு நிமிடச் சோதனை

ஓர் இரவின் பொருத்தம் தற்செயலாகவும் அமையலாம். அதே ஒளி பல நாள் தோன்றியிருந்தால், இதைவிட வலுவான சான்று நம் கையில் இருக்கிறது. விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக எழுகின்றன. ஒரு வாரத்தில் அரைமணி நேரம், ஒரு மாதத்தில் 2 மணி நேரம். வியாழன் போன்ற கோள்கள் விண்மீன்களுக்கிடையே மெல்ல நகர்வதால் சிறிது வேறுபாடு வரும், ஆனால் போக்கு மாறாது. ஓர் இரவுக்குள்ளும் வான்பொருள் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை என்ற கணக்கில் மேற்கு நோக்கி நகரும். மனிதர் இயக்கும் எந்த விமானமும் இந்த ஒழுங்கை மாதக்கணக்கில் கடைப்பிடிக்காது. வெள்ளிக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு: அது சூரியனிலிருந்து ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே நள்ளிரவில் நம் தலைக்கு மேல் கண்டதாகச் சொல்லப்படும் ஒளி நிச்சயம் வெள்ளி அன்று.

“ஆனால் அது அசைந்ததே!”

இந்த மறுப்பு கட்டாயம் வரும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இருண்ட வானில் ஒற்றைப் புள்ளியை உற்றுநோக்கும்போது, ஒப்பிடுவதற்கு அருகில் எதுவும் இல்லாததால், அது மெல்ல அலைவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். மேகம் விரைந்தால் ஒளி விரைவதாகத் தெரியும். வண்டியில் செல்கையில் அருகிலுள்ள மரங்கள் பின்னோடிப் போக, மிகத் தொலைவிலுள்ள கோள் கூடவே வருவதாகத் தோன்றும். நிறம் மாறியதாகச் சொன்னால் அடிவானத்தருகே சிரியஸ் விண்மீன் இருந்ததா என்று பாருங்கள். அலைபாயும் அடர்ந்த காற்றடுக்கு அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்து வளைப்பதால் அது சிவப்பும் பச்சையும் நீலமுமாக மின்னும்.

உண்மையாகவே நகர்ந்த ஒளி என்றால், எத்தனை நேரம் தெரிந்தது என்று கேளுங்கள். ஓரிரு நொடி என்றால் எரிமீன். சீரான வேகத்தில் சில நிமிடம் சென்று, நடுவானில் மங்கி மறைந்தால், பூமியின் நிழலுக்குள் நுழைந்த செயற்கைக்கோள். சர்வதேச விண்வெளி நிலையம் அந்த நேரத்தில் கடந்ததா என்பதை ஹெவன்ஸ்-அபவ் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஒரே வரிசையில் மணிகோத்தாற்போல் சென்றால் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். பல துண்டுகளாக எரிந்துகொண்டே மெதுவாகக் கடந்தால், வளிமண்டலத்தில் விழும் ராக்கெட் பாகமாக இருக்கலாம். 2022 ஏப்ரல் 2 மாலை மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மக்கள் கண்டது அப்படிப்பட்ட சீன ராக்கெட்டின் பாகம்தான். சந்திரபூர் மாவட்டத்தில் அதன் உலோக வளையமே கிடைத்தது. 1968 மார்ச் 3 அன்று சோவியத் விண்கலமான ஸோண்ட்-4 ஏவுதலைச் சேர்ந்த சிதைவுகள் அமெரிக்க வானில் எரிந்து சென்றபோது, சன்னல்கள் கொண்ட நீண்ட கலம் ஒன்றைக் கண்டதாகச் சிலர் எழுதினார்கள். அவர்கள் பொய்யுரைக்கவில்லை; தனித்தனிப் புள்ளிகளை இணைத்து ஓர் உருவமாக்குவது நம் எல்லோருடைய மனத்தின் இயல்பு.

கடைசிப் படி

எதனோடும் பொருந்தாவிட்டால் “தகவல் போதவில்லை” என்று எழுதிக் கோப்பை மூடுங்கள். வலிந்து ஒரு கோளைப் பொருத்துவது ஆராய்ச்சி ஆகாது. வியாழன் என்று முடிவு கிடைத்தால், கண்டவரிடம் கணினித் திரையைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மறுநாள் மாலை அது எந்த மரக்கிளைக்கு மேலே, எத்தனை மணிக்குத் தோன்றும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் அவரோடு போய் நில்லுங்கள்.