வயலில் வட்டமா? தூரைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் முறை

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், வாழப்பாடி பக்கத்து நெல்வயலிலோ சேர்வராயன் மலையின் சாமைக் காட்டிலோ பயிர் வட்டமாகப் படுத்துக் கிடக்கும் படம் செல்போனில் வந்தால், பலருக்கும் வேற்றுக்கிரகவாசிகளின் வேலை என்று பேசப்பட்ட இங்கிலாந்தின் வில்ட்ஷயர் கோதுமை வயல் வட்டக் கோலங்கள்தான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட கோலங்களைப் பல ஆண்டுகளாகத் தாங்களே போட்டதாக டக் போவர், டேவ் சோர்லி என்ற இருவர் 1991-ல் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடைய முக்கியக் கருவி ஒரு பலகையும் கயிறும்தான். நம் ஊர் வயலில் ஆள் தொடாமலே வட்டம் விழ நிறையக் காரணங்கள் உண்டு. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், தூரடியில், அதாவது பயிர்க்கொத்தின் அடிப்பகுதியில்தான் வித்தியாசம் தெரியவரும்.

வயல்காரரைக் கேட்காமல் வரப்பில்கூட ஏறாதீர்கள். "ஏனுங்கண்ணா, உள்ளே கால் வெச்சுப் பார்த்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, அப்படியே மூன்று விஷயங்களை விசாரியுங்கள். எருவை எங்கே குவித்து வைத்திருந்தார்? ஆட்டுப்பட்டி போட்டாரா, போட்டால் எந்த இடத்தில்? யூரியா எத்தனை முறை போட்டார்? பாதி வட்டங்களின் கதை இங்கேயே முடிந்துவிடும். மேச்சேரி ஆடுகள் சில இரவு அடைந்த இடத்திலும், எருக்குவியல் மாதக்கணக்கில் கிடந்த இடத்திலும் தழைச்சத்து மிஞ்சி நிற்கும். அங்கே பயிர் கரும்பச்சையாக, உயரமாக, மெலிந்த தண்டோடு வளர்ந்து, கதிர் கனத்ததும் ஒரு மழைக்கே சாய்ந்துவிடும்.

காலை ஆறரை மணியிலிருந்து எட்டரைக்குள் போவது நல்லது. சாய்வான வெயிலில் தண்டு படுத்திருக்கும் திசை நிழலோடு தெளிவாகத் தெரியும். இரவில் போகவே கூடாது. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்கம்பி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பகலிலும் வரப்போரக் கம்பி எதையும் தொடாதீர்கள். எலி வளை உள்ள வயலில் கண்ணாடி விரியன் இருக்கலாம் என்பதால் ஒரு நீளக் கம்பும், தண்ணீர் வடிந்த வயலானால் கம்பூட்டும் தேவை. சேறு இளகியிருந்தால் கம்பூட் சிக்கிக்கொள்ளும், வடியும்வரை வரப்பிலிருந்தே பாருங்கள்.

கையில் 30 மீட்டர் டேப், ஒரு முளைக்குச்சி, பாகைமானி, நோட்டு, செல்போன் இருந்தால் போதும். டிரோன் பறக்கவிடுவதற்கு முன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள், ஓமலூர்ப் பக்கம் கமலாபுரம் விமான நிலையம் இருக்கிறது. திசைகாட்டி முள் ஆடுவதை மர்மத்துக்குச் சாட்சியாகச் சொல்வார்கள். கஞ்சமலை சுற்றுவட்டாரத்தில் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். அந்த மலையின் பாறையிலேயே காந்த இரும்புத் தாது நிறைந்திருக்கிறது. (சித்தர் மலை என்று பேர் வாங்கிய இடம், முள் ஆடினால் கதை கட்ட ஆளா இல்லை!)

உள்ளே போகும் வழிதான் முதல் தடயம். புகையான் என்ற சாறுறிஞ்சும் பூச்சிக்குப் பயந்து எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாமல் விடும் இடைவெளி) விட்டு நட்ட வயலில், வட்டம் போட வந்தவர் அந்தப் பட்டத்தின் வழியாகத்தான் வந்திருப்பார். நீங்கள் நுழைவதற்கு முன் ஒவ்வொரு பட்டத்தின் வாயிலையும் படம் எடுங்கள், உங்கள் கால்தடம் விழுந்தபின் அந்தச் சாட்சி போயிற்று. கோதுமை வயலின் காய்ந்த மண் தடத்தை மறைத்துவிடும். நம் சேறு பலகை அழுந்திய தட்டையான பள்ளத்தைக்கூட நாள்கணக்கில் வைத்திருக்கும்.

பிறகு அளவு. நடுவில் முளை வைத்து நான்கு திசையிலும் விட்டத்தை அளக்க வேண்டும். கயிறு கட்டிச் சுற்றியிருந்தால் அளவுகள் ஒரு சாணுக்குள் ஒத்துப்போகும், நடுவில் முளை குத்திய குழியும் இருக்கலாம். மீட்டர் கணக்கில் வேறுபட்டால் அது வட்டமே இல்லை, தூரத்திலிருந்து அப்படித் தோன்றியதுதான்.

இனி தூரடி. உட்கார்ந்து பாருங்கள். காற்றும் மழையும் சாய்த்த பயிரில் வேர் தளர்ந்து தூரோடு சாய்ந்திருக்கும் அல்லது அடித்தண்டு வளைந்திருக்கும், ஓரம் பிசிறாக இருக்கும், பக்கத்து வயலிலும் அதே திசையில் சாய்வு தெரியலாம். பலகை மிதித்ததில் தண்டு தரையிலிருந்து ஏறத்தாழ ஒரே உயரத்தில் பட்டை பட்டையாக மடிந்திருக்கும், ஓரம் வெட்டியதுபோல நிற்கும். புகையான் என்றால் பயிர் தீய்ந்த நிறத்தில் காய்ந்திருக்கும். ஓரத்தில் பச்சையாக நிற்கும் தூரைத் தட்டினால் பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் உதிரும், அடித்தண்டில் கரும்பூசணம் படிந்திருக்கும். அந்த வட்டம் நாளுக்கு நாள் பெருகும், அதனால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு வயல்காரரிடம் உடனே தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். பன்றி புகுந்திருந்தால் மண் கிளறியிருக்கும், கதிர் மென்று துப்பிக் கிடக்கும். மலைமேல் காட்டெருமையின் குளம்புத் தடத்தையும் தேடுங்கள். விலங்குச் சேதம் என்று தெரிந்தால் எதையும் கலைக்காதீர்கள், வனத்துறையில் இழப்பீடு கேட்க அந்தத் தடமும் உங்கள் படங்களும் உதவும்.

அதிகம் ஏமாற்றுவது கணுதான். படுத்த தண்டின் கணுக்கள் வீங்கி, மேல்நோக்கி வளைந்திருப்பதைக் காட்டி 'கதிர்வீச்சு' என்பார்கள். சாய்ந்த புல்லினப் பயிர் எதுவும் கணுவின் கீழ்ப்பக்கத்தை நீட்டி நிமிரப் பார்க்கும். இது புவியீர்ப்புக்குப் பயிர் காட்டும் இயல்பான பதில். இதையே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். வயல்காரர் அனுமதித்தால் உள்ளிருந்து பத்துத் தண்டு, ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் பயிரில் பத்துத் தண்டு எடுத்து, கணு வளைவைப் பாகைமானியில் அளந்து குறியுங்கள். உள்தண்டில் வளைவே இல்லையென்றால் புதிதாக விழுந்தது, நன்றாக வளைந்திருந்தால் சில நாள் ஆகியிருக்கும். வைக்கோல் நிறத்துக்கு முற்றிய பயிரில் கணு அசையாது, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

இடத்தின் பெயரோடு படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் மிதிக்கும் பயிர், வட்டத்தில் விழுந்ததைவிட அதிகமாக இருக்கும். பால் பிடிக்கும் பருவத்துப் பயிரானால், கிளம்புவதற்கு முன் சாய்ந்த தூர்களை நாலு நாலாகத் தூக்கிக் கட்ட வயல்காரருக்கு ஒரு கை கொடுங்கள்.