ஊசிமுனையில் திரும்பும் கடதாசி: மின் இருமுனைவை வீட்டிலேயே பார்ப்போம்

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பலர், "விளையுள் விசை பூச்சியம்" என்ற வரியைக் கண்டதும், மின்புலத்தில் இருமுனைவு (ஒரு முனையில் நேரேற்றமும் மறுமுனையில் சமனான மறையேற்றமும் கொண்ட அமைப்பு) சும்மா கிடக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். அது திரும்பும். சில வேளை இழுபடவும் செய்யும். இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்க ஊசி, கடதாசி, சீப்பு போதும்.

முதலில் நாள் பாருங்கள். யாழ்ப்பாணத்தின் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது சரிவராது. ஈரக்காற்றில் சீப்பின் ஏற்றம் தங்காது. மாசி, பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் நல்லது. யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்துங்கள்.

படி 1: அழிறப்பரில் ஊசியைக் கூர் மேலே இருக்கும்படி குத்துங்கள். 6 சென்ரிமீற்றர் நீளமும் 1 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள கடதாசித் துண்டை நீளவாக்கிலும் நடுவில் குறுக்கேயும் மடித்து, சற்று விரித்து, ஊசிமுனையில் நிறுத்துங்கள். இரு முனைகளும் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் விழாது.

படி 2: பிளாஸ்ரிக் சீப்பை எண்ணெய் படாத, உலர்ந்த தலைமுடியில் நன்றாகத் தேயுங்கள். துண்டின் ஒரு முனைக்குப் பக்கவாட்டில், தொடாமல் கொண்டுவாருங்கள். துண்டு சுழன்று சீப்பை நோக்கி நிற்கும்.

துண்டின் மொத்த ஏற்றம் பூச்சியம்தான். ஆனால் சீப்பு மறையேற்றம் பெற்றிருந்தால், துண்டின் அருகிலுள்ள முனையில் நேரேற்றமும் தொலைமுனையில் மறையேற்றமும் தூண்டப்படுகின்றன. முனைகளில் எதிரெதிரான விசைகள் தாக்க, துண்டு திரும்புகிறது. ஊசி அதை இடம்பெயர விடாததால் முறுக்கம், அதாவது விசைகளின் திருப்பும் விளைவு, மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

முறுக்கம் = இருமுனைவுத் திருப்புதிறன் × புலச்செறிவு × சைன் கோணம்

இருமுனைவுத் திருப்புதிறன் என்பது ஒரு முனையின் ஏற்றத்தை முனைகளுக்கிடையிலான தூரத்தால் பெருக்கி வருவது. கோணம் என்பது இருமுனைவுக்கும் புலத்துக்கும் இடையிலானது. நிரந்தர இருமுனைவுக்கு, அதாவது புலம் இல்லாதபோதும் இருமுனைவாகவே இருப்பதற்கு, கோணம் 90° ஆகும்போது முறுக்கம் உச்சம். 0° இல் பூச்சியம். 180° இலும் பூச்சியம்தான், ஆனால் அது உறுதியற்ற சமநிலை: சிறிது அசைந்தாலும் முழுதாகத் திரும்பிவிடும்.

படி 3: கடதாசியைச் சிறு துணுக்குகளாகக் கிழித்து மேசையில் போட்டு, மேலே சீப்பைப் பிடியுங்கள். துள்ளி ஒட்டும். சீப்பின் புலம் சீரற்றது. அருகு முனை வலிய புலத்திலும் தொலைமுனை மெலிந்த புலத்திலும் இருப்பதால் இழுவை தள்ளலை வெல்கிறது. விசை பூச்சியம் என்பது சீரான புலத்துக்கு மட்டுமே உரியது. வினாத்தாளில் "சீரான" என்ற சொல்லைக் கண்டால் அடிக்கோடிடுங்கள்.

நீர் மூலக்கூறு நிரந்தர இருமுனைவு. அதன் திருப்புதிறன் ஏறத்தாழ 6.2 × 10⁻³⁰ கூலோம் மீற்றர். புலத்தில் எல்லா மூலக்கூறுகளும் அணிவகுத்து நிற்பதாகப் படம் வரைவது வழக்கம். அதை அப்படியே நம்ப வேண்டாம். மீற்றருக்கு 1 இலட்சம் வோல்ற்று என்ற புலத்திலும், 30° செல்சியசில் வெப்ப அலைச்சலின் சக்தி, புலம் திருப்பும் சக்தியைவிட 6,000 மடங்குக்கு மேல். மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் புரண்டபடியே, சராசரியில் மிகச் சிறிதளவே புலத்தின் பக்கம் சாய்கின்றன. மிஞ்சிய புட்டைச் சூடாக்கும் நுண்ணலை அடுப்பு நம்பியிருப்பதும் இச்சிறு சாய்வைத்தான். அதன் புலம் செக்கனுக்கு 245 கோடி தடவை அலைகிறது. அதற்கேற்பத் திரும்ப முயலும் நீர் மூலக்கூறுகள் அயல் மூலக்கூறுகளுடன் இடிபடுவதால் வெப்பம் பிறக்கிறது.