மாரடைப்புக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சித்தப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து, ஒன்றரை மாதத்தில் டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டு மூன்று மாதம் மாத்திரை டப்பாவுக்குள்ளேயே கிடந்தது.

முதல் தவறு எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்தது. சித்தி வண்டிச் சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தார், குடத்தைத் தொடப் போனாலே "இருங்க, நான் எடுக்கிறேன்" என்று ஓடி வருவார். பாசம்தான், ஆனால் நாள் முழுக்க இப்படியே நடந்தால் மனிதருக்கு நாம் இன்னும் நோயாளிதான் என்று பதிந்துவிடுகிறது. நாலு படி ஏறிவிட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். டாக்டரிடம் போகும்போது வீட்டில் ஒருவர் கூடப் போய், எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று நேராகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயம் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

அடுத்தது, "வேலை டென்ஷன்தான் இதைக் கொண்டுவந்தது" என்று அதன் மேலேயே எல்லாப் பழியையும் போடுவது. அப்படி நம்பினால் வேலைக்குப் போவதே சாவை நோக்கிப் போவது போலத் தோன்றும். சிகரெட், சர்க்கரை, பிரஷர் எல்லாம் கண்ணிலேயே படாது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், முதல் மாரடைப்பு வந்தவர்களிடம் ஆஸ்பத்திரியிலேயே மூன்று தடவை உட்கார்ந்து பேசி, நோயைப் பற்றிய இந்த மாதிரி எண்ணங்களைச் சரிசெய்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள் என்று 2002-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது.

தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்றால் "பலவீனம், சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயே வருகிறது. டாக்டரிடம் சொல்லுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அப்புறம் பணம். கடன் கழுத்தைப் பிடிக்கிறது என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே ஓடிப்போய், முதல் நாளே ஃபுல் ஷிஃப்ட் பார்த்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று காட்டுகிறவர்களும் உண்டு. ஈஎஸ்ஐ (சம்பளத்தில் பிடித்தம் செய்யும் தொழிலாளர் காப்பீடு) இருந்தால், சந்தா கட்டிய நாட்கள் சரியாக இருக்கும்பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

வேலையிடத்தோடு பேச்சை அறுத்துக்கொள்வதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான தவறு. சித்தப்பா யார் போனையும் எடுக்கவில்லை, "இனி அவரால் முடியாது" என்று அங்கே அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். கடைசியில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, டீ குடித்துக்கொண்டே, "அண்ணே, முதல் ரெண்டு வாரம் அரை நாள் வாங்க, லோடு நான் பார்த்துக்கிறேன், சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன்" என்றார். மறுநாள் காலையில் சித்தியே அரிசி டின்னுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.