புரோம் விழாவுக்கு இலவச உடை வழங்கும் முகாம்: உங்கள் ஊரில் தொடங்குவது எப்படி?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காக வசந்த காலத்தில் நடத்தப்படும் புரோம் நடன விழா, அந்த வயதுப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் நாள். நுழைவுச் சீட்டு, நீண்ட உடை, காலணி, தையல் கூலி, தலை அலங்காரம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால் வரும் தொகை, வாடகை கட்டவே திணறும் குடும்பத்துக்கு எட்டாதது. ‘எனக்கு அதில் விருப்பமில்லை’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும் பெண்களில் சிலரேனும் பணத்துக்காகவே ஒதுங்குகிறார்கள். அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்தாலே இந்தக் குறையை ஒரு பள்ளியளவிலாவது தீர்க்க முடியும்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. சிகாகோவில் 1999இல் கிளாஸ் ஸ்லிப்பர் புராஜெக்ட் என்ற இலவச உடை அமைப்பு தொடங்கியது. புளோரிடாவின் டேவி நகரில், நோவா உயர்நிலைப் பள்ளி மாணவி ரெபெக்கா கர்ட்மன், 2003இல் 250க்கும் மேற்பட்ட உடைகளைத் திரட்டித் தேவைப்பட்ட பெண்களுக்கு வழங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில், 16 வயதில், சாலை விபத்தில் அவர் இறந்தார். அவர் தொடங்கிய பணி ‘பெக்காஸ் கிளாசெட்’ என்ற அமைப்பாக இன்றும் நடக்கிறது.

படி 1: பள்ளியிலிருந்து தொடங்குங்கள்

உடை சேகரிப்பதற்கு முன்பே பள்ளி ஆலோசகரைச் சந்தித்து, விழா நாளையும் உடைக் கட்டுப்பாடுகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மாணவிக்குத் தேவை என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லவும் அவரால்தான் முடியும். மெக்கின்னி-வென்டோ என்ற அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, வீடற்ற மாணவர்களுக்கான தொடர்பு அலுவலர் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இருக்க வேண்டும். அவரையும் தவறாமல் அணுகுங்கள். ஆனால் மாணவிகளிடம் வருமானச் சான்று கேட்காதீர்கள். தேவையில்லாத ஒருத்தி ஓர் உடையைப் பெற்றுச் செல்வதால் வரும் நட்டம், தேவையுள்ளவள் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவதைவிட மிகச் சிறியது.

படி 2: ரசீது

நீங்கள் பதிவுபெற்ற அறக்கட்டளை இல்லையென்றால், 501(சி)(3) எனப்படும் வரிவிலக்குத் தகுதியுள்ள தேவாலயம், கோயில் அல்லது தொண்டு நிறுவனம் ஒன்றின் குடைக்கீழ் செயல்படுவது எளிது. 250 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள நன்கொடைக்கு வரிச்சலுகை கோருபவருக்கு எழுத்துமூலமான ஒப்புகை தேவை. உடையின் மதிப்பை நன்கொடையாளரே கணக்கிடட்டும்; நீங்கள் என்ன பொருள், எத்தனை என்பதை மட்டும் எழுதிக்கொடுங்கள்.

படி 3: சேகரிப்பு

ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். நூலகம், உலர்சலவைக் கடை, பள்ளி முகப்பு ஆகிய இடங்களில் பெட்டி வைக்கலாம். உலர்சலவைக் கடைக்காரரிடம் பேசினால், சில உடைகளை இலவசமாக வெளுத்துத் தரவும் அவர் இசையக்கூடும். சிறிய அளவுகள் எளிதில் குவிந்துவிடும். அமெரிக்க உடை அளவில் 16க்கு மேற்பட்டவை கிடைப்பது அரிது. பருமனான பெண்ணுக்கு இரண்டே உடைகளைக் காட்டி ‘இதில் ஒன்றை எடுத்துக்கொள்’ என்பது அவளை மீண்டும் ஒருமுறை புண்படுத்துவதாகும். ஆகவே ரொக்க நன்கொடையை முதலில் பெரிய அளவு உடைகள் வாங்கவும், அடுத்து முழுக்கையும் மூடிய கழுத்தும் விரும்பும் பெண்களுக்கான உடைகள் வாங்கவும் ஒதுக்குங்கள்.

படி 4: சோதனை

ஒவ்வோர் உடையையும் வெளிச்சத்தில் உட்புறம் திருப்பிப் பாருங்கள். கழுத்தோரத்தில் ஒப்பனைக் கறை, அக்குளில் வெளிறிய திட்டு, தரையில் இழுபட்டுக் கிழிந்த விளிம்பு ஆகியவைதாம் வழக்கமான குறைகள். ஜிப்பை மேலும் கீழும் இருமுறை இழுத்துப் பாருங்கள். பாதியில் சிக்குமானால் தையற்காரரிடம் கொடுங்கள், சரிசெய்ய முடியாததை விலக்கிவிடுங்கள். உங்கள் மகளுக்குக் கொடுக்கத் தயங்கும் உடையை இன்னொருவர் மகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

படி 5: உடை தெரிவு நாள்

விழாவுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். தையலுக்கு அவ்வளவு அவகாசம் வேண்டும். மண்டபம் கடைபோலவே இருக்க வேண்டும்: உடைகள் அளவு வாரியாகத் தொங்க வேண்டும், முழுநீளக் கண்ணாடிகள் இருக்க வேண்டும், கனத்த திரையிட்ட உடைமாற்றும் அறைகள் இருக்க வேண்டும். ஒரே வேளையில் எல்லோரையும் வரச்சொல்லாமல் நேரம் ஒதுக்கிக் கொடுத்தால், வகுப்புத் தோழிகள் ஒருவரையொருவர் சந்திக்க நேராது. அதே பள்ளி மாணவர்களைத் தொண்டர்களாக அன்று நிறுத்தாதீர்கள்; உடைகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு அவர்களை முன்கூட்டியே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வரும் பெண்ணுக்குத் துணையாக ஒரு தொண்டர் இருக்கட்டும். ‘உனக்கு எந்த நிறம் பிடிக்கும்?’ என்று கேட்டுவிட்டு, அவள் எடுப்பதைத் தூக்கிக்கொண்டு உடன் நடப்பதே அவர் வேலை. தெரிவு முழுவதும் அவளுடையது. அம்மாவோ அக்காவோ உடன் வந்தால் உட்கார நாற்காலி போடுங்கள். உடை முடிவானதும் காலணியையும் அணியவைத்து, அதன் பிறகே கீழ்விளிம்பை மடித்து ஊக்குக் குத்த வேண்டும்; குதிகாலின் உயரத்துக்கேற்ப மடிப்பு மாறும். இடுப்பில் பிடிக்க வேண்டியதையும் தோள்பட்டையைக் குறைக்க வேண்டியதையும் அப்போதே சீட்டில் எழுதி உடையோடு இணைத்துவிடுங்கள்.

புகைப்படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளர்களுக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால், ஆள் வருவதற்கு முன் வரிசையாகத் தொங்கும் உடைகளை எடுத்தால் போதும்.

படி 6: சீட்டும் பயணமும்

உடை கிடைத்தும் நுழைவுச் சீட்டு வாங்க இயலாத பெண்கள் இருப்பார்கள். சீட்டுத் தொகையை ஆலோசகர் வழியாகப் பள்ளிக்கே செலுத்திவிட்டால், யாருக்காகக் கட்டினோம் என்பதுகூட நமக்குத் தெரிய வேண்டியதில்லை. திரும்பிவர வண்டி இருக்கிறதா என்பதையும் அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். உடையைத் திருப்பிக் கேட்காதீர்கள். அது அவளுக்கே உரியது.